அஞ்சலை சுமந்த பிடி அரிசி

1

இன்று காலை உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியை அளந்து முறத்தில் கொட்டி, கல் பொறுக்கி, கழுவப் போகும் நேரத்தில் என் வலது கை தன் பாட்டுக்கு ஒரு பிடி அரிசியை அள்ளி, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பழைய பால் டின்னில் போட்டுவிட்டது. டின் காலி. அரிசி விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் என்ன செய்தேன் என்றே எனக்குத் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஓடிவந்து நாடி பிடித்துப் பார்த்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டி மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் வேலை பார்க்கிறவர். எதற்கும் முதலில் நாடிதான். நான் டின்னைக் காட்டினேன். அவர் அந்த ஒரு பிடியை எடுத்து மறுபடி முறத்தில் கொட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நம் சபைச் சேகரத்தின் பத்திரிகைக்கு மலாயாவிலிருந்து நான் எழுதத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. டுரியான் பழத்தின் வாடை, ரப்பர் பால்மரம் சீவுகிற விதம், இங்குள்ள மழை என்று வாய்க்கு வந்ததை எழுதினேன். நீங்களும் சிரித்துப் படித்ததாகச் சொன்னார்கள். இந்தத் தடவை சிரிக்க ஒன்றும் இல்லை. பிடி அரிசி என்றால் என்ன என்று நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி ஆண்டவருக்கு என்று கலயத்தில் எடுத்துவைப்போம். வாரம் முடிய கோயிலுக்குப் போகும். அசனப் பண்டிகைக்கு அதுதான் சோறாகும். அந்தப் பிடி அரிசிக்காக இங்கே ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொடுத்த வீடுகளும் தின்ற வாய்களும் அவளுக்கு என்ன செய்தன என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

எங்கள் தோட்டம் கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயரை எழுதவில்லை. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்கிறார்கள். எனக்காக இன்னொருத்தர் வேலை போகவேண்டாம்.

அவசரச் சட்டம் வந்தபிறகு, அங்கங்கே கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வீடு ஒட்டி நிற்கும் அந்த வரிசைகளுக்கு மொத்தமாக ஒரே வாசல். கழுத்தில் தாலி இருக்கிறதோ இல்லையோ, மடியில் அடையாளக் கார்டு இருக்கவேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வாசலைத் தாண்டி ஒரு பருக்கைகூடக் கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிறவர்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக்கூடாது, அவர்கள் வயிற்றைக் காயப்போட்டால் தானாக வெளியே வருவார்கள் என்பது சர்க்காரின் யோசனை. வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உச்சிப்பொழுதுவரை மரம் சீவுகிற பெண்கள் திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்க முடியாது.

அத்தோடு ஊர்க்காவல் என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். தோட்டத்து ஆண்களும் பக்கத்துக் கடைத்தெரு ஆண்களும் முறைபோட்டுக் காவல் நிற்கவேண்டும். சர்க்கார் பன்னிரண்டு துப்பாக்கியும் கைப்பட்டியும் கொடுத்தது. கொட்டகை, விளக்கெண்ணெய், மழைக்கோட்டு, விடிய விடிய நிற்கிறவர்களுக்குக் கஞ்சி, இதெல்லாம் ஊர் பொறுப்பு. ஊர் சேர்ந்து ஒரு தலைவரையும் தேர்ந்து பெயர் கொடுக்கவேண்டும். அவருக்குத் தோளில் பட்டை உண்டு.

அந்தப் பட்டைக்கு இரண்டு தோள்கள் முன்னால் வந்து நின்றன. ஒருவர் சடையப்பன், பெரிய மண்டோர். வேலையாட்களை மேய்க்கிறவர், மாரியம்மன் கோயில் தலைவரும் அவர்தான். காவல் நிற்கிறவன் எல்லாம் என் ஆள், நான் சொன்னால்தான் நிற்பான் என்பது அவர் பேச்சு. இன்னொருவர் ஞானமுத்து கிராணி, தோட்டத்து ஆபீஸ் கணக்கர், எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு மூப்பர். போலீஸிலிருந்து வருகிற காகிதமெல்லாம் இங்கிலீஷ், மண்டோர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பாரா என்பது இவர் பேச்சு. தானும் படுக்கமாட்டான், தள்ளியும் படுக்கமாட்டான் என்கிற கதைதான்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். திருவிழா வரி மாதிரி வீட்டுக்கு இவ்வளவு என்று கோயில் வசூலிக்கட்டும் என்றார் மண்டோர். அப்படியானால் காவல் கோயிலுக்குச் சொந்தமாகிவிடும் என்று கிராணி ஒப்பவில்லை. சம்பளத்தில் பிடித்துவிடலாம் என்றார் அவர். அப்படியானால் காவல் ஆபீஸுக்குச் சொந்தம் என்று மண்டோர் எழுந்து வேட்டியை உதறினார். கடைத்தெருக்காரர்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, உங்களுக்குள் முடிவு பண்ணிவிட்டு வாருங்கள் லா (இங்கே எந்தப் பேச்சுக்கும் கடைசியில் ஒரு லா உண்டு) என்று ஒரு வெள்ளிகூடக் கொடுக்காமல் போய்விட்டார்கள்.

துப்பாக்கி அலமாரிச் சாவி யாரிடம் இருப்பது என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் கோயில் உண்டியலுக்குப் போடுகிற மாதிரி இரண்டு பூட்டுப் போட்டார்கள். ஒரு சாவி மண்டோர் அரைஞாணில், ஒரு சாவி கிராணி சட்டைப்பையில். ஒருநாள் கிராணி கோலாலம்பூர் போனவர் பஸ் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட, அன்றைக்கு எங்கள் காவல்காரர்கள் விறகுக் கட்டையோடு நின்றார்கள்.

நம் ஊரில் தலையாரி ஒருத்தர், கையில் ஒரு கம்பு, அறுப்புக்கு ஒரு மரக்கால் நெல். அந்த நெல்லை எந்தத் தெரு அளப்பது என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் சண்டை போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருத்தர் தலைப்பாகை கிணற்றில் விழுந்ததோடு அது முடிந்தது. இதுவும் அப்படித்தான் முடியும் என்று நான் நினைத்தேன். முட்டாள்தனம்.

3

இரண்டு வாரம் காவல்காரர்கள் வெறும் வயிற்றில் நின்றார்கள். ஒருத்தன் காலையில் மரம் சீவப் போன இடத்தில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, இவனுக்கு மருந்து வேண்டாம், கஞ்சி கொடு என்று என்னிடம் அனுப்பினார். அவன் குடித்த வேகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அடுத்த கூட்டத்தில் பெண்கள் பின்னால் நின்றோம். இரண்டு பெரிய மனிதர்களும் வழக்கம்போல் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து பேசினேன். எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொன்னேன். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி போதும். அது கோயிலுக்கும் இல்லை, ஆபீஸுக்கும் இல்லை, பானைக்குப் போகிறது. பானைக்குத் தலைவர் வேண்டியதில்லை என்றேன். பெண்களெல்லாம் சிரித்துக் கைதட்டினார்கள். மண்டோரும் சரி என்றார், கிராணியும் சரி என்றார். தாங்கள் தோற்காத ஒரு வழி கிடைத்ததில் இரண்டு பேருக்கும் சந்தோஷம்தான். எனக்கும் அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி, வாசலுக்கு வெளியே சந்தியில் இருந்த காவல் கொட்டகையில் கஞ்சி காய்ச்ச ஆள் வேண்டும். அஞ்சலை முன்வந்தாள். இந்தத் தோட்டத்திலேயே பிறந்து இங்கேயே மரம் சீவுகிறவள். புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. பிள்ளை இல்லை. இரண்டு கோழியும், ஆத்தாளைப் புதைத்த இடத்தில் தான் நட்ட ஒரு செம்பருத்தியும்தான் அவளுக்குச் சொத்து. ரேஷன் அரிசியில் தன் பிடியை முதலில் போட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் பிடி எடுத்துப் போடும்போது என்னைப் பார்த்துக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பாள். நான் எப்போதோ செய்ததைப் பார்த்துப் படித்துக்கொண்டாள்.

நாற்பது நாளுக்குமேல் நடந்தது. வாசலில் நின்ற பையன்களும் நம் லயத்துப் பிள்ளைகள். அந்தக் கஞ்சியைக் குடிக்கிறவர்கள். அவள் பையைப் பார்த்து வழிவிடுவார்கள். அரிசியை வெளியே கொண்டுபோவது குற்றம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிடி அரிசியும் அரிசிதான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சாமிக்கு எடுத்ததற்குச் சீட்டு வாங்குவார்களா? அப்படித்தான் நினைத்தோம்.

4

தலைவர் பெயரைக் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியது. மொட்டைக் கடிதங்கள் பறந்தன. மண்டோர் ஆட்கள் கள் குடித்துவிட்டுக் காவல் நிற்கிறார்கள் என்று ஒன்று. கிராணி காவல் எண்ணெயை வீட்டுக்கு எடுத்துப்போகிறார் என்று ஒன்று. வேலிக்கு வெளியே அரிசி போகிறது, யார் கண்டும் காணாமல் இருக்கிறார்கள் என்று விசாரிக்கவும் என்று ஒன்று. அதை எந்தப் பக்கம் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. இரண்டு பக்கமும் எழுதியிருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசலில் புது ஆட்கள் நின்றார்கள். வெளியூர்ப் போலீஸ், கூடவே பெண்களைச் சோதிக்க ஒரு பெண். அஞ்சலை பையோடு போனாள். நம் ஊர் அளவில் மூன்று படி இருக்கும். அவள் ஒளிக்கவில்லை, நாற்பது நாள் சுமந்ததைப்போலவே தலையில் வைத்துக்கொண்டு போனாள். பையை இறக்கச் சொன்னார்கள். காவலுக்குக் கஞ்சி என்றாள். லோரியில் ஏற்றினார்கள். லோரி போகிறவரை அவள் பயப்படவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். காவல்காரர்களின் சோற்றைத்தானே சுமந்தாள்; ஒருவார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நானும் நம்பினேன்.

அந்த ஒருவார்த்தையைச் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். மறுநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து ஆபீஸில் உட்கார்ந்து இருவரையும் கூப்பிட்டார். தோட்டமே மைதானத்தில் நின்றது. அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். நான் கிராணியிடம் போய் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் எங்கள் ஜெபக்கூட்ட மூப்பர். என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் சாட்சி நின்றவர். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எந்த அரிசியும் வசூலிக்கலன்னு எழுதிக் கொடுத்துட்டோம் அக்கா. ஆமான்னு சொன்னா, யார் பொறுப்புன்னு அடுத்த கேள்வி வரும்.”

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும்தான். ஒரே காகிதம்.”

சாவிக்கு ஒத்துப்போகாதவர்கள், வரிக்கு ஒத்துப்போகாதவர்கள், கொட்டகைக்கு ஓலை வேய ஒத்துப்போகாதவர்கள், சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அது. பிறகு போலீஸார் லயத்தில் வீடு வீடாகக் கேட்டார்கள். என்ன அரிசி என்றார்கள் நம் ஜனங்கள். அந்தக் கஞ்சியைக் குடித்தவனும் அப்படியே சொன்னான். ஆஸ்பத்திரியில் என் கையால் கஞ்சி குடித்தானே, அவனும்.

ஊரை மட்டும் சொல்லி நான் தப்பிக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, நாங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள், லயத்து விஷயம் தெரியாது என்றார். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். யோசனை என்னுடையது. ஒரு எட்டு முன்னால் வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. பதினொரு நாள் வைக்கவில்லை.

5

என் மகள் ரூத் கோலாலம்பூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அவள் கடிதமெல்லாம் இங்கிலீஷில் வரும். அவள் அப்பா வாசித்துச் சொல்வார். கடைசியில் ‘அன்புள்ள’ என்று மட்டும் தமிழில் ஒரு வார்த்தை இருக்கும், அதில் நான் என் விரலை வைத்துப் பார்த்துக்கொள்வேன். பன்னிரண்டாம் நாள், விடுமுறைக்கு வந்தவளைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஆபீஸுக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆஸ்பத்திரிச் சாமான்களின் பெயர் மட்டும். மலாய் கடைத்தெருவோடு சரி.

தோட்டத்துக்கு வந்த அந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு ரூத்தைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நான் எழுந்து நின்று சொன்னேன். பிடி அரிசி என் யோசனை, அஞ்சலை சுமந்தாள், அவ்வளவுதான், தண்டனை எனக்குத்தான் சேரவேண்டும் என்று அழாமல் சொன்னேன். ரூத் சொல்லச் சொல்ல அவர் இரக்கமாகத் தலையை ஆட்டினார். எனக்கு நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு அவர் சொன்னதை ரூத் தமிழில் சொன்னாள். காவலுக்கு அரிசி கொண்டுபோக ஊர்க்காவல் தலைவர் கையெழுத்துப் போட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தால் அன்றைக்கே சீட்டு கொடுத்திருப்பார்களாம். இப்போது ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் அப்படி ஒரு அரிசியே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் அது காட்டுக்குப் போன அரிசிதான். ஃபைல் மேலிடத்துக்குப் போய்விட்டது.

ஒரு சீட்டு. அதில் ஒரு கையெழுத்து. அதைப் போட ஒரு தலைவர் எங்களுக்கு இல்லை. பானைக்குத் தலைவர் வேண்டியதில்லை என்று கைதட்டு வாங்கியவள் நான்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவளுக்கு எந்தப் போலீஸ்காரன் தண்ணீர் கொடுப்பான்? ரூத்தைத் திருப்பிக் கேட்டேன், நான் சொன்னதை அப்படியே சொன்னாயா என்று. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாவுக்கு அந்தப் பொம்பளைய ரொம்ப நாளாத் தெரியும், அதான் மனசு கஷ்டப்படுறாங்கன்னு சொன்னேன். நீங்களும் உள்ள போயிட்டா அப்பா வேலை என்னாகும்? போதும்லா அம்மா.”

பெற்ற பிள்ளை. என்னைக் காப்பாற்றத்தான் செய்தாள். அது எனக்குத் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்ததை என் மகளே வழியில் மறித்து வேறு சொல்லாக மாற்றி அனுப்புவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பிறகு தமிழில் நானே ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்தது என்று இங்கிலீஷில் ஒரு வரி பதில் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

அஞ்சலையை இந்தியாவுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். இங்கே பிறந்தவள் என்றால் அனுப்பக் கூடாதாம். இங்கே பிறந்ததற்குக் காகிதம் எங்கே? பிறப்புப் புத்தகம் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் பழைய ஆஸ்பத்திரியோடு எரிந்துபோயிற்று. அவள் பிறந்ததைப் பார்த்த ஆத்தாள் செம்பருத்திக்குக் கீழே கிடக்கிறாள். தலைவர் பட்டைக்கு யாரோ வெளியூர்க்காரரைக் கொண்டுவந்து போட்டார்கள். மண்டோரும் கிராணியும் அவருக்குச் சலாம் வைக்கிறார்கள். கஞ்சிக்கு இப்போது சீட்டு உண்டு.

6

போன வாரம் கிள்ளானுக்குப் பக்கத்தில், கப்பலுக்குப் போகிறவர்களை வைத்திருக்கிற இடத்தில் அவளைப் பார்த்தேன். இந்த முறை என் வீட்டுக்காரரே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு சேலை, ஒரு போர்வை, தேங்காயெண்ணெய் கொடுத்தேன். கம்பிக்கு அந்தப்பக்கம் அவள் இளைத்துக் கறுத்து நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“உங்க பேரச் சொல்லலம்மா. யாரு சொல்லி எடுத்தன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சாமிக்கு எடுக்கிற மாதிரி எடுத்தேன்னு மட்டும் சொன்னேன்.”

அவள் என்னைத் தேற்றுகிறவள் மாதிரி, கோழிகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். நான்தான் என்றேன். பிறகு அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. போகிற ஊர் எது என்று ஒரு பாரத்தில் நிரப்பவேண்டுமாம்.

“தோட்டத்துப் பேர சொன்னேன். அது ஊரு இல்லன்றாங்க. இந்தியால எந்த ஊருன்னு கேக்குறாங்க. ஆத்தா சொன்னதில்லம்மா. எனக்கு எந்த ஊருன்னு எழுதட்டும்?”

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்தப் பாரத்தை வாங்கி அவர் நிரப்பினார். ஊர் என்ற இடத்தில் நம் ஊர்ப் பெயரை எழுதினார். வீடு என்ற இடத்தில் என் அப்பா வீட்டை எழுதினார்.

ஆகவே சகோதரிகளே, அவள் அங்கேதான் வருகிறாள். இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே வந்திருந்தாலும் இருப்பாள். நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் மாறி, பஸ்ஸில் வந்து கோயில் முக்கில் நிற்பாள். டிரஸ்ஸரம்மா வீடு எது என்று கேட்பாள். நம் பேச்சு மாதிரி இருக்காது, நடுவில் மலாய் வார்த்தை வரும், சிரிக்காதீர்கள். சாவி என் மதினியிடம் இருக்கிறது. வடக்கு அறை ஒழுகும், ஓடு மாற்றிக் கொடுங்கள். எதற்காக உன்னை அனுப்பினார்கள் என்று அவளைக் கேட்காதீர்கள். அது என் யோசனை, என் அரிசி, என் வாய் திறக்காத பதினொரு நாள். இங்கிலீஷில் போய்ச் சேராததைத் தமிழில் உங்களிடம் சொல்லிவிட்டேன். கேட்பதெல்லாம் என்னைக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் யாராவது பார்த்துச் சொல்லவேண்டும். அவள் அங்கே முதல்முதலில் உலை வைக்கிறபோது அரிசியில் ஒரு பிடி எடுத்து வைக்கிறாளா என்று பாருங்கள். வைத்தால் எனக்கு எழுதுங்கள். வைக்காவிட்டாலும் எழுதுங்கள்.